கதையா, மூளை அறிவியலா, ரெண்டையும் சேர்த்தா? ஓதுற பிள்ளைங்களை வழிக்குக் கொண்டுவர எது ஒத்துவரும்

போன மாசம் ஒரே வாரத்துல ரெண்டு பேர் என்கிட்ட கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டாங்க. ஒருத்தர் பள்ளிவாசல் மதரஸாவுல புதுசா சேர்ந்த இளம் உஸ்தாத் (ஓதிக்குடுக்கிற ஆசிரியர்). சாயங்கால அஸர் தொழுகைக்கு அப்புறம் நாப்பது பிள்ளைங்க வருது, ஊர் ஜமாஅத்து நிர்வாகத்துல பிரம்பைத் தொடவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க, ரொம்ப நல்ல விஷயம், ஆனா அதுக்குப் பதிலா என்ன செய்யணும்னு யாரும் அவருக்குச் சொல்லித் தரல. இன்னொருத்தங்க ஏழு வயசுப் பையனோட உம்மா. பயான்ல (மார்க்கச் சொற்பொழிவுல) நபிமார் கதை சொல்லி வளருங்கன்னு சொல்றாங்க, ஸ்கூல்ல மூளை வளர்ச்சி அமிக்டலான்னு பேரண்ட்ஸ் மீட்டிங் போடுறாங்க, நான் எதைப் பிடிக்கிறது ராத்தான்னு கேட்டாங்க.

நான் பகல்ல ஒரு ஆரம்பப் பள்ளியில மூணாம் வகுப்பு டீச்சர், சாயங்காலம் எங்க தெருவுல பிள்ளைங்களுக்கு குர்ஆன் ஓதிக்குடுக்கிறேன், பதினொரு வருஷமா ரெண்டு ஓட்டமும் ஓடுது. ரெண்டு வழியையும் தனித்தனியா செஞ்சு பார்த்திருக்கேன், சேர்த்தும் பார்த்திருக்கேன், தப்பும் பண்ணியிருக்கேன். அதுல ஒரு தப்பு இன்னும் நெஞ்சுல முள்ளா இருக்கு, அதையும் கீழ சொல்றேன், ஏன்னா அந்தத் தப்புல இருந்து தான் எனக்கு இந்த விஷயம் புரிஞ்சது.

பிரம்பை நான் ஒரு ஆப்ஷனாவே எடுத்துக்கல. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு பள்ளிக்கூடத்துல அடிக்கிறதையும் மனசை நோகடிக்கிறதையும் தடை பண்ணுது. 2012 திருத்தத்துல மதரஸாக்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே போயிடுச்சு, சரி, ஆனா காலையில ஸ்கூல்ல உட்கார்ற அதே பிள்ளை தானே சாயங்காலம் நம்மகிட்ட வருது, தோலு மாறிடுமா என்ன. உடனே சிலர் பத்து வயசுல தொழலைன்னா அடிங்கன்னு வர்ற ஹதீஸை (நபிமொழியை) எடுப்பாங்க. அது தொழுகை பத்தினது, அதுலயும் ஏழு வயசுல சொல்ல ஆரம்பிச்சு பத்து வரைக்கும் மூணு வருஷம், நாளைக்கு அஞ்சு வேளைன்னு கணக்குப் போட்டா ஐயாயிரம் தடவைக்கு மேல அன்பா கூப்பிடுறது முதல்ல வருது. அந்த ஐயாயிரத்தை நம்மள்ல எத்தனை பேர் முடிச்சிருக்கோம்? ஆயிஷா நாயகி (ரலி) அறிவிக்கிற இன்னொரு ஹதீஸ் முஸ்லிம்ங்கிற ஹதீஸ் தொகுப்புல இருக்கு, போர்க்களம் தவிர நபி (ஸல்) அவங்க தன் கையால யாரையும் அடிச்சதே இல்ல, பெண்ணையும் இல்ல பணியாளையும் இல்லன்னு.

## எதை வச்சு எடை போடுறது

வழியைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடி நமக்கு என்ன வேணும்னு தெளிவா இருக்கணும், இல்லைன்னா யாரு நல்லா பேசுறாங்களோ அவங்க பக்கம் சாஞ்சிடுவோம். நான் பார்க்கிறது இதெல்லாம்:

- சண்டை நடக்கிற அந்த நிமிஷத்துல பிள்ளைக்குக் கை குடுக்குமா?
- யாரும் பார்க்காத இடத்துலயும் அந்த நடத்தை நிக்குமா?
- நாம சொல்றது உண்மையா, ஆதாரம் உள்ளதா?
- பிள்ளையோட மானத்துக்குக் காயம் ஆகாம இருக்குமா?
- நேரம், பணம், பயிற்சி எவ்வளவு ஆகும்?

இந்த அஞ்சுக்கும் முன்னாடி ஒரு கேள்வி இருக்கு, எனக்கு இது புரிய ஏழு வருஷம் ஆச்சு. இந்தப் பிள்ளைக்கு நல்லது எதுன்னு தெரியலையா, இல்ல தெரிஞ்சும் முடியலையா? பென்சில் எடுத்து பைக்குள்ள ஒளிக்கிற பிள்ளையும், இடிச்சவனைத் திரும்பி அறையிற பிள்ளையும் நமக்கு ஒரே மாதிரி சேட்டைக்காரங்களாத் தெரியிறாங்க. முதல் பிள்ளை யோசிச்சுச் செய்யுது. ரெண்டாவது பிள்ளை யோசிக்கிறதுக்கு முன்னாடி கை போயிடுது. ரெண்டுக்கும் ஒரே மருந்து குடுத்தா ஒண்ணுக்காவது தப்பாப் போகும்.

## வழி 1: கதை மட்டும்

நம்ம சமுதாயத்துல இதுக்கு வேர் ரொம்ப ஆழம். குர்ஆன்லயே 12ஆவது சூரா முழுக்க யூசுஃப் நபியோட வரலாறு, 111 ஆயத்து, அதுக்கு அல்லாஹ் வச்ச பேரே அஹ்ஸனல் கஸஸ், அழகிய வரலாறு. நம்ம பெத்தும்மாக்கள் (பாட்டிமார்) ராத்திரி இஷா தொழுகைக்கு அப்புறம் பாய்ல படுக்கப் போட்டு சொன்னதெல்லாம் இது தானே. சுலைமான் நபியோட எறும்பு, மீன் வயித்துல யூனுஸ் நபி, தாகமா இருந்த நாய்க்கு செருப்புல தண்ணி மொண்டு குடுத்த மனுஷன், குருவி செத்துப்போச்சுன்னு அழுத குட்டிப் பையன் அபூ உமைர்கிட்ட நபி (ஸல்) அவங்க நின்னு விசாரிச்சது. அபூ உமைர் ஹதீஸைச் சொல்லும்போது ஆறு வயசுப் பிள்ளைங்க முகத்தைப் பார்க்கணும், ஒரு குருவிக்காகவா நபி விசாரிச்சாங்கன்னு கண்ணு விரியும்.

ஆராய்ச்சியும் கதைக்கு எதிரா இல்ல, ஆனா எந்தக் கதைன்னு பார்க்கச் சொல்லுது. 2014ல காங் லீ குழு கனடாவுல 3 முதல் 7 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னு சொல்லி பொம்மையைப் பின்னாடி வச்சுட்டுப் போயிடுறது, வந்து ஒரு கதை படிச்சுக் காட்டுறது, அப்புறம் பார்த்தியான்னு கேட்கிறது. புலி வருது மாதிரி ஓநாய் வருதுன்னு பொய் சொன்ன பையன் கதையும், பொய் சொன்னா மூக்கு நீளுற பினோக்கியோ கதையும் பிள்ளைங்களை உண்மை பேச வைக்கல. செர்ரி மரத்தை வெட்டிட்டு அப்பாகிட்ட உண்மையை ஒத்துக்கிட்டுப் பாராட்டு வாங்கின ஜார்ஜ் வாஷிங்டன் கதை தான் வேலை செஞ்சது. பொய்யனுக்கு என்ன கதி ஆச்சுன்னு சொல்றதை விட உண்மை சொன்னவன் எப்படி உசந்தான்னு சொல்றது பிள்ளைங்க மனசுல ஏறுது.

இதைப் படிச்சப்ப எனக்கு உடனே முஹ்யித்தீன் ஆண்டவங்க (இறைநேசர் அப்துல் காதிர் ஜீலானி) கதை ஞாபகம் வந்துச்சு. சட்டைக்குள்ள உம்மா தைச்சு வச்ச நாப்பது பொற்காசு, வழியில கொள்ளைக்காரங்க, என்ன வச்சிருக்கேன்னு கேட்டதும் மறைக்காம சொல்ற பையன், அந்த உண்மையைக் கேட்டு கொள்ளைக்காரத் தலைவனே தவ்பா (பாவமன்னிப்பு) செய்றது. செர்ரி மரக் கதையோட அதே எலும்புக்கூடு, நம்ம வீட்டுலயே காலங்காலமா இருக்கு. நாம என்ன செய்றோம், இதை அவங்க புகழ் பாடுற மவ்லிது மாசத்துல ஒரு தடவை சொல்லிட்டு, மீதி வருஷம் பூரா பொய் சொன்னா நரகத்துல நாக்கை இழுப்பாங்கன்னு சொல்லிக்கிட்டு இருக்கோம்.

2017ல டொராண்டோவுல இருந்து வந்த இன்னொரு ஆய்வுல, பங்கு போட்டுக் குடுக்கிற கதையில மனுஷங்க வந்தப்ப பிள்ளைங்க அதிகமா பங்கு குடுத்தாங்க, சட்டை போட்ட மிருகங்க வந்தப்ப அப்படி ஆகல. நபித்தோழர்களான ஸஹாபாக்கள் வரலாறு நமக்கு இதுல பெரிய சொத்து, எல்லாமே மனுஷங்க, பசிச்சாங்க, கோவப்பட்டாங்க, அழுதாங்க.

இப்ப மறைஞ்சிருக்கிற செலவு.

முதல் செலவு ஆதாரம். தினமும் நபி (ஸல்) மேல குப்பை கொட்டின மூதாட்டி கதை எல்லா மதரஸாவுலயும் சொல்றோம், நானும் வருஷக்கணக்கா சொன்னேன், ஹதீஸ் நூல்கள்ல அதுக்கு ஆதாரம் இல்லைன்னு ஆலிம்கள் தெளிவா சொல்றாங்க. என் மேல வேணும்னே பொய் சொல்றவங்க நரகத்துல இடத்தைத் தேடிக்கட்டும்ங்கிற நபியோட எச்சரிக்கை இருக்கும்போது நல்ல நோக்கம் தானேன்னு விட முடியாது. வாஷிங்டன் செர்ரி மரமே அவரோட வரலாறு எழுதினவர் கட்டின கதை தான், அவங்களுக்கு அது பரவாயில்லாம இருக்கலாம், நமக்கு இருக்க முடியாது. அதே மாதிரி நாப்பது பொற்காசு சம்பவம் ஹதீஸ் இல்ல, வலிமார் (இறைநேசர்கள்) வரலாற்று நூல்ல வர்றது, அதைப் பிள்ளைங்ககிட்ட அப்படியே சொல்லிடணும். சீறாப்புராணத்துல மானுக்குப் பிணை நின்ற படலம் இருக்கே, வாக்குக் காப்பாத்துறதுக்கு அவ்வளவு அழகா வேற எதுவும் தமிழ்ல இல்லைன்னு சொல்லுவேன், அதை உமறுப்புலவர் பாடின காவியமாவே சொல்லுங்க. ஒரு கதைக்கு ஆதாரம் தேடிப் படிச்சுத் தயாராக எனக்கு ஒரு மணி நேரம் ஆகுது, இது கணக்குல யாரும் சேர்க்காத நேரம்.

ரெண்டாவது பயம். ஆறு வயசுப் பிள்ளைக்கு கப்ரு வேதனையை (மண்ணறை வேதனையை) விலாவாரியா சொல்லிட்டு ராத்திரி தூங்கலைன்னு உம்மாமார் வந்து நிக்கிறாங்க. மூணாவது தூரம். ஒரு பிள்ளை என்கிட்டயே சொல்லுச்சு, அவங்க நபி டீச்சர், நான் நபி இல்லையேன்னு. அதுக்கு அன்னைக்கு என்கிட்ட பதில் இல்ல.

நாலாவது தான் பெரிய செலவு, என்னோட அந்த முள்ளு.

எட்டு வயசுப் பையன் ஒருத்தன், எதுக்கெடுத்தாலும் கை நீட்டுவான். ஒரு நாள் பக்கத்துப் பையன் உதடு கிழிஞ்சு ரத்தம். நான் எல்லாரையும் உட்கார வச்சு அந்த நிமிஷமே ஆதம் நபியோட மகன்கள் காபில் ஹாபில் கதையைச் சொன்னேன், பொறாமையும் கோவமும் தம்பியையே கொல்ல வச்சதுன்னு. நல்லா உருக்கமா தான் சொன்னேன். முடிக்கும்போது முப்பது ஜோடிக் கண்ணும் அவன் மேல இருந்துச்சு. மறுநாள்ல இருந்து தெருவுல அவனுக்குப் பேரு காபில். கிரிக்கெட் ஆடும்போது காபில், தண்ணிக் குழாயடியில காபில், சின்னப் பிள்ளைங்க கூட. மூணு வாரம் கழிச்சு அவன் உம்மா வந்து, மதரஸாவுக்குப் போகலன்னு அழுறான், நான் கொலைகாரனான்னு கேட்கிறான் ராத்தான்னு சொன்னாங்க. குர்ஆன்ல வர்ற ஒரு வரலாற்றை எடுத்து நான் ஒரு பிள்ளையை அடிச்சிருக்கேன், பிரம்பு அடிச்ச தடம் ஒரு வாரத்துல மறைஞ்சிருக்கும்.

கதை மட்டும் போதுமான இடம்: வகுப்பு ஓரளவு அமைதியா இருக்கு, பெரிய அடிதடி இல்ல, வளர்க்க வேண்டியது நேர்மை, இரக்கம், பெரியவங்க மரியாதை மாதிரி குணங்கள்னா கதையே போதும். படுக்கை நேரத்துல வீட்டுல சொல்றதுக்கும் இதுக்கு ஈடு இல்ல.

## வழி 2: மூளை அறிவியல் மட்டும்

இதுல சொல்றது சுருக்கமா இது தான். நெத்திக்குப் பின்னாடி இருக்கிற ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ் தான் பொறு, யோசி, நிறுத்துன்னு பிரேக் போடுற பகுதி, அது முழுசா முதிர இருபது வயசைத் தாண்டி இருபத்தஞ்சு பக்கம் ஆகும். ஆபத்துன்னு அலாரம் அடிக்கிற அமிக்டலா சின்ன வயசுலயே நல்லா வேலை செய்யுது. அதனால ஏழு வயசுப் பிள்ளைகிட்ட அலாரம் ஜோரா இருக்கு, பிரேக் இன்னும் பொருத்திக்கிட்டே இருக்காங்க. டேனியல் சீகல்ங்கிற மனநல மருத்துவர் இதைக் கையை வச்சே காட்டுவார், கட்டை விரலை உள்ளே மடக்கினா அது அமிக்டலா, மேல மூடுற நாலு விரல் யோசிக்கிற மூளை, கோவம் வந்தா நாலு விரலும் படக்குன்னு திறந்துக்கும். என் பிள்ளைங்க இதை ஒரே நாள்ல பிடிச்சுக்கிட்டாங்க, சண்டை வந்தா வாயால சொல்லாம கையைத் திறந்து காட்டுவாங்க. நெஜ மூளை இப்படி மாடி வீடு மாதிரி கட்டியிருக்கல, பிள்ளைங்களுக்குப் புரிய வைக்கிற உருவகம்னு மட்டும் நாம மனசுல வச்சுக்கணும்.

இந்த வழியோட பெரிய பலம் அந்த நிமிஷத்துல உதவுறது. மூச்சை இழுக்கிறதை விட விடுறதை நீளமாக்கினா இதயத் துடிப்பு தணியுது, இது எந்தப் பிள்ளைக்கும் சொல்லிக்குடுக்கலாம். இன்னொரு பலம், பிள்ளையைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி சூழ்நிலையைப் பார்க்க வைக்குது. 6 முதல் 12 வயசுப் பிள்ளைங்க ஒரு நாளைக்கு 9ல இருந்து 12 மணி நேரம் தூங்கணும்னு தூக்க மருத்துவர்கள் சொல்றாங்க. ராத்திரி பதினொன்னரை வரைக்கும் வாப்பாவோட போன்ல இருந்துட்டு விடிகாலை சுபுஹு தொழுகைக்கு எழும்பி வர்ற பிள்ளைக்கு எவ்வளவு தேறும்? ரமலான்ல ராத்திரி தராவீஹ் தொழுகை, விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாடுன்னு தூக்கம் துண்டு துண்டா உடைஞ்ச பிள்ளைங்க நோன்பு 20க்கு மேல எப்படி இருக்கும்னு ஓதிக்குடுக்கிற எல்லாருக்கும் தெரியும், அதை நாம சேட்டைன்னு பேரு வச்சுக் கூப்பிடுறோம்.

அந்தக் கை நீட்டுற பையன் விஷயத்துலயும் இது தான் கண்ணைத் திறந்துச்சு. அவன் உம்மா அழுதுட்டுப் போனதுக்கு அப்புறம் நான் ஒரு நோட்டுப் போட்டு அவன் எப்பெப்ப அடிக்கிறான்னு எழுத ஆரம்பிச்சேன். ரெண்டு வாரத்துல தெரிஞ்சது, கிட்டத்தட்ட எல்லாமே அஞ்சு மணிக்கும் அஞ்சரைக்கும் நடுவுல, எல்லாமே வாசல்ல செருப்பு கழட்டுற நெரிசல்லயும் ரிஹால் (குர்ஆன் வச்சு ஓதுற பலகை) எடுக்கிற தள்ளுமுள்ளுலயும். மத்தியானம் பன்னெண்டரைக்கு ஸ்கூல்ல சாப்பிட்டது தான், வாப்பா சவூதியில, உம்மா தையல் வேலை முடிஞ்சு வர ஆறரை ஆகும், நடுவுல வயித்துல ஒண்ணுமில்ல. நான் அவனை இஸ்லாமிய வரலாற்றோட முதல் கொலைகாரனோட சேர்த்துக்கிட்டு இருந்தேன், அவனுக்குப் பசிச்சிருக்கு.

மறைஞ்சிருக்கிற செலவு இதுலயும் நிறைய.

பணம். மூளைங்கிற வார்த்தையை வச்சு நம்ம ஊருல பெரிய வியாபாரமே நடக்குது. கண்ணைக் கட்டிக்கிட்டுப் படிக்க வைக்கிற மிட்பிரைன் ஆக்டிவேஷன், கைரேகை எடுத்துப் பிள்ளையோட அறிவை அளக்கிற டெஸ்ட், இதுக்கெல்லாம் அறிவியல் அடிப்படை கிடையாது, தயவுசெஞ்சு ஒரு ரூபா கூடக் குடுக்காதீங்க. படிச்ச டீச்சர்களும் ஏமாறுறோம். 2012ல பிரிட்டன்லயும் நெதர்லாந்துலயும் டீச்சர்கள்கிட்ட மூளை பத்தின கட்டுக்கதைகளைக் குடுத்துக் கேட்டப்ப சராசரியா பாதிக்கட்டுக்கு நம்பியிருந்தாங்க, இடது மூளைக்காரன் வலது மூளைக்காரன்ங்கிறது உட்பட.

பழைய ஆராய்ச்சி மாறிக்கிட்டே இருக்கிறதும் ஒரு செலவு. முன்னாடி இருக்கிற ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாயைச் சாப்பிடாம பதினஞ்சு நிமிஷம் பொறுத்தா ரெண்டு கிடைக்கும்ங்கிற ஸ்டான்ஃபோர்டு சோதனையைச் சொல்லாத பேரண்டிங் பேச்சே கிடையாது, பொறுமையா இருந்த பிள்ளை தான் பின்னாடி ஜெயிச்சதுன்னு. 2018ல 900க்கும் மேல பிள்ளைங்களை வச்சு மறுபடி பார்த்தப்ப அந்தத் தொடர்பு கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிடுச்சு, குடும்பச் சூழலைக் கணக்குல எடுத்தா இன்னும் சுருங்கிடுச்சு. இல்லாத வீட்டுப் பிள்ளை கண்ணு முன்னாடி இருக்கிறதை உடனே சாப்பிடுறதுல என்ன தப்பு இருக்கு சொல்லுங்க.

அப்புறம் பரிசு. டோபமைன்ங்கிற மூளை ரசாயனத்தைச் சொல்லி ஸ்டார் சார்ட், சாக்லேட்னு ஆரம்பிப்பாங்க, சில ஊர்ல நாப்பது நாள் பள்ளிவாசல்ல ஜமாஅத்தோட (கூட்டா) தொழுதா சைக்கிள்னு கூட அறிவிக்கிறாங்க, நோக்கம் நல்லது தான், பிள்ளைங்க கூட்டமும் வருது. ஆனா 1973ல ஒரு சோதனையில, படம் வரையப் பிடிச்ச சின்னப் பிள்ளைங்ககிட்ட வரைஞ்சா சர்டிபிகேட்னு முன்கூட்டியே சொல்லி வரைய வச்சாங்க, அப்புறம் அந்தப் பிள்ளைங்க தானா வரையிறது குறைஞ்சு போச்சு. சொல்லாம திடீர்னு குடுத்த பரிசு அந்தக் கெடுதலைச் செய்யல. நாப்பத்தொண்ணாவது நாள் அந்தப் பிள்ளை எங்க இருக்கும்ங்கிற கேள்வியை சைக்கிள் வாங்குறதுக்கு முன்னாடியே ஜமாஅத்துல கேட்கணும்.

எல்லாத்தையும் விட ஒரு வெற்றிடம் இருக்கு. மூச்சுப் பயிற்சி பிள்ளையை அமைதியாக்கும், அந்த அமைதியை வச்சு என்ன செய்யணும்னு அது சொல்லாது. ரொம்ப நிதானமா, கொஞ்சமும் பதறாம, அடுத்தவன் ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துக்கிட்டுப் போற பிள்ளையை நான் பார்த்திருக்கேன். இன்னொரு பொண்ணு தம்பியைக் கிள்ளிட்டு, நான் இல்ல டீச்சர் என் அமிக்டலான்னு சொல்லுச்சு. சிரிப்பு வர்ற மாதிரி இருந்தாலும் எனக்கு அன்னைக்குப் பயமா தான் இருந்துச்சு, பொறுப்பைக் கழட்டி வைக்க நானே ஒரு ஆணி அடிச்சுக் குடுத்திருக்கேன்.

அறிவியல் மட்டும் போதுமான இடம்: எல்லா மதத்துப் பிள்ளைங்களும் இருக்கிற வகுப்புன்னா இது தான் சரி. அரசு உதவி பெறுற பள்ளின்னா பெத்தவங்க சம்மதம் இல்லாம மத போதனையில பிள்ளையை உட்கார வைக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டம் 28ஆவது பிரிவே சொல்லுது, நான் பகல் வகுப்புல இந்த வழியை மட்டும் தான் வச்சிருக்கேன். அடிதடி, அலறல், உட்கார முடியாம ஓடுறதுன்னு உடம்பு சம்பந்தப்பட்ட பிரச்சினைக்கும் முதல்ல இது தான். ரெண்டு மூணு மாசம் செஞ்சும் ஒரு பிள்ளை கொஞ்சமும் மாறலைன்னா குழந்தைகள் மருத்துவர்கிட்ட காட்டணும், ஓதிப் பார்த்து தண்ணி குடுக்கிறதோட நிறுத்திடக் கூடாது.

## வழி 3: ரெண்டையும் சேர்த்து

கேட்கும்போது இது தான் சரின்னு தோணும், எனக்கும் கடைசியில இது தான் ஒத்து வந்துச்சு, ஆனா சேர்க்கிற விதத்துல தான் எல்லாம் இருக்கு.

தப்பா சேர்க்கிறது எப்படின்னா, குர்ஆன்ல அலக் சூராவுல வர்ற நாஸியா, அதாவது பொய் சொல்ற முன்நெத்திங்கிற வார்த்தையை எடுத்து, பார்த்தீங்களா ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸை 1400 வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்றது. நான் இதைச் செய்ய மாட்டேன். அந்த ஆயத்து எச்சரிக்கை பண்ற விஷயமே வேற. மார்ஷ்மெல்லோ மாதிரி நாளைக்கு ஒரு ஆய்வு மாறினா பிள்ளை எதைச் சந்தேகப்படும்? தொழுகைக்கு முன்னாடி முகம் கை கால் கழுவுற ஒளுவையும் இப்படித் தான், குளிர்ந்த தண்ணி முகத்துல பட்டா இதயத் துடிப்பு குறையுதுங்கிறது உண்மை தான், அதுக்காகத் தான் ஒளுன்னு சொல்லிட்டா அது ஒரு பிபி மாத்திரை மாதிரி ஆயிடும். ஒளு இபாதத்து (வணக்கம்), அதோட நிப்பாட்டிக்கலாம்.

நான் சேர்க்கிறது வேலையைப் பிரிச்சுக் குடுத்து. அந்த நிமிஷத்துக்கு உடம்பு வழி, வேற ஒரு அமைதியான நாளுக்குக் கதை. சண்டை நடந்த அன்னைக்கு அந்த விஷயத்துக்குக் கதையே சொல்றதில்ல, இது எங்க மதரஸாவுல இப்ப சட்டம் மாதிரி.

உடம்பு வழிக்கு வெளியே எங்கயும் போக வேண்டியதில்லைன்னு அப்புறம் தான் பார்த்தேன். நின்னுக்கிட்டு இருக்கும்போது கோவம் வந்தா உட்காருங்க, அப்பவும் போகலைன்னா படுங்கன்னு அபூதாவூத் தொகுப்புல ஹதீஸ் இருக்கு. பிரேக் இல்லாத பிள்ளைக்கு இதை விட எளிமையா என்ன சொல்ல முடியும், உட்கார்ந்த பிள்ளைக்கு எட்டி உதைக்கிறது கஷ்டம், அவ்வளவு தான், இதுக்கு ஸ்கேன் எடுத்து நிரூபிக்கத் தேவையில்ல. அஞ்சு மணிக்கு வர்ற பிள்ளைங்களுக்கு முதல்ல ஆளுக்கு மூணு பேரீச்சம்பழம் இல்லைன்னா ஒரு கை சுண்டல், தெருவுல ஆறு வீட்டுக்காரங்க முறை வச்சுக் குடுக்கிறாங்க. செருப்பு கழட்ட ரெண்டு வரிசை. அந்தப் பையனுக்கு ரிஹால் எடுத்துக் குடுக்கிற பொறுப்பு, அவனே குடுக்கிறதால நெரிசல்ல நிக்க வேண்டியதில்ல. முதல் மாசத்துலயே அவன் கை நீட்டுறது வாரத்துக்கு அஞ்சாறுல இருந்து ஒண்ணு ரெண்டா குறைஞ்சது. கதையே இன்னும் ஆரம்பிக்கல.

கதைக்கு சனிக்கிழமை, பன்னெண்டு நிமிஷம், யாரையும் குறி வைக்காம. முதல்ல சொன்னது புகாரி ஹதீஸ் தொகுப்புல வர்றது, ரெண்டு பேர் திட்டிக்கிறாங்க, ஒருத்தர் முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைச்சிருக்கு, எனக்கு ஒரு வார்த்தை தெரியும், அதைச் சொன்னா இவர் கோவம் போயிடும்னு நபி (ஸல்) சொல்றாங்க, அந்த வார்த்தை அஊது பில்லாஹ், அல்லாஹ்கிட்ட பாதுகாப்புத் தேடுறேன்னு அர்த்தம். அந்த ரெண்டு பேரும் நபி இல்ல, சாதாரண மனுஷங்க. நான் நபி இல்லையேன்னு கேட்ட பிள்ளைக்கு அன்னைக்கு என்கிட்ட இல்லாத பதில் இது. முகம் சிவந்தா எப்படி இருக்கும்னு பிள்ளைங்க நடிச்சுக் காட்டுவாங்க, கழுத்து நரம்பைத் தொட்டுப் பார்ப்பாங்க, தன் கோவத்தை உடம்புல எங்க தெரியுதுன்னு கண்டுபிடிக்கிற பயிற்சியும் கதைக்குள்ளயே நடந்துடுது.

இதோட மறைஞ்ச செலவு டீச்சர். ரெண்டையும் கத்துக்கணும், அதுக்கு மேல நாமளும் அப்படி இருக்கணும். பத்து வருஷம் நபிகிட்ட பணி செஞ்ச அனஸ் (ரலி), ஒரு தடவை கூட என்னைச் சீன்னு சொன்னதில்ல, ஏன் இப்படிச் செஞ்சேன்னு கேட்டதில்லன்னு சொல்றாங்க. நான் கத்திக்கிட்டே மூச்சு விடுன்னு சொன்னா பிள்ளை என் கத்தலைத் தான் கத்துக்கும். சம்பளம் வர தாமதமாகிற, மூணு வீட்டுக்கு டியூஷன் ஓடுற உஸ்தாத்கிட்ட இதை எதிர்பார்க்கிற ஜமாஅத்து, அவர் தூங்கினாரா சாப்பிட்டாரான்னும் பார்க்கணும்.

## ஒரே பார்வையில

| எதைப் பார்க்கிறோம் | கதை மட்டும் | மூளை அறிவியல் மட்டும் | சேர்த்து |
|---|---|---|---|
| அந்த நிமிஷ உதவி | குறைவு, சில சமயம் கெடுதல் | நல்லா இருக்கு | நல்லா இருக்கு |
| யாரும் பார்க்காதப்ப | நல்லா வேரூன்றும், மெதுவா | சந்தேகம் | நல்லா இருக்கு |
| ஆதாரம் | ஒவ்வொரு கதைக்கும் தேடணும் | கட்டுக்கதையும் வியாபாரமும் கலந்திருக்கு | ரெண்டு பக்கமும் தேடணும் |
| பிள்ளையோட மானம் | குறி வச்சுச் சொன்னா போச்சு | பொதுவா பத்திரம் | கதையைத் தள்ளி வச்சா பத்திரம் |
| பணம் | இல்ல | வொர்க்‌ஷாப் போகாட்டி இல்ல | சுண்டல் செலவு |
| டீச்சர் நேரம் | கதைக்கு ஒரு மணி நேரம் | முதல் மாசம் மட்டும் அதிகம் | எப்பவும் அதிகம் |

## யாருக்கு எது

நாப்பது பிள்ளைங்களோட நிக்கிற உஸ்தாதுக்கு: முதல் மாசம் கதையை மறந்துடுங்க. நோட்டுப் போட்டு எப்ப, எங்க, யாருன்னு எழுதுங்க, பசியையும் நெரிசலையும் சரி பண்ணுங்க, உட்கார்ற ஹதீஸை மட்டும் எல்லாருக்கும் பழக்குங்க. ரெண்டாவது மாசம் வாரத்துக்கு ஒரு கதை.

ஏழு வயசுப் பையனோட உம்மாவுக்கு: வீட்டுல ஒரே பிள்ளை, நேரம் உங்க கையில, ராத்திரி கதையை விடாதீங்க, ஆனா பையன் சேட்டை பண்ணின அன்னைக்கு அந்தச் சேட்டைக்குப் பொருத்தமான கதையைத் தேடாதீங்க. அன்னைக்கு வேற ஏதாவது சொல்லுங்க, அபூ உமைர் குருவி இருக்கே. தூக்கம் ஒன்பது மணி நேரத்துக்குக் குறையுதான்னும் எண்ணிப் பாருங்க.

மே மாசம் பத்து நாள் தீனியாத் (மார்க்கக் கல்வி) கேம்ப் நடத்துறவங்களுக்கு: பத்து நாள்ல பழக்கம் மாறாது, கதை மட்டும் போதும், நல்ல ஆதாரம் உள்ள பத்துக் கதை.

பத்து வயசுக்கு மேலன்னா கஅப் இப்னு மாலிக் (ரலி) வரலாறு. தபூக் போருக்குப் போகாம தங்கிட்டு, சாக்குச் சொல்லாம உண்மையை ஒத்துக்கிட்டு, அம்பது நாள் யாரும் பேசாம இருந்து, அப்புறம் தவ்பா ஏத்துக்கப்பட்டது. உண்மைக்கு உடனே பரிசு கிடைக்காதுங்கிறதைத் தாங்குற வயசு அது.

அந்தப் பையன் விஷயத்துக்கு வர்றேன். அவன் ரிஹால் குடுக்க ஆரம்பிச்சு நாலு மாசம் கழிச்சு யூசுஃப் நபி வரலாற்றை அஞ்சு சனிக்கிழமையாப் பிரிச்சுச் சொன்னேன். தயாராகும்போது தான் எனக்கே உறைச்சது, கிணத்துல தள்ளின அந்த அண்ணன்மார்ல ஒருத்தர் பேரு கூட குர்ஆன்ல இல்ல. அப்புறம் மாயிதா சூராவை எடுத்துப் பார்த்தேன், அங்கயும் ஆதமுடைய ரெண்டு மகன்கள்னு தான் இருக்கு, காபில்ங்கிற பேரு விளக்கவுரைகள் வழியா வந்தது. நபி (ஸல்) அவங்களும் தப்பு செஞ்சவங்க பேரைச் சொல்லாம, சிலருக்கு என்ன ஆச்சு இப்படிச் செய்றாங்களேன்னு பொதுவா தான் சொல்லுவாங்க. இவ்வளவு வருஷம் ஓதிக்குடுத்தும் இது என் கண்ணுல படல.

அஞ்சாவது சனிக்கிழமை, இன்னைக்கு உங்க மேல எந்தப் பழியும் இல்லன்னு யூசுஃப் நபி அண்ணன்மார்கிட்ட சொல்ற இடத்துல நான் கதையை நிறுத்திட்டு, பிள்ளைங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேன். நான் ஒரு தடவை ஒரு கதையைத் தப்பான நேரத்துல சொல்லிட்டேன், அதனால ஒருத்தருக்கு வேண்டாத பேரு வந்துச்சு, அந்தப் பேரை இனிமே யாரும் சொல்லக்கூடாதுன்னு. யாருன்னு சொல்லல. அவன் ரிஹாலை அடுக்கிக்கிட்டு இருந்தான், திரும்பிப் பார்க்கல. எல்லாரும் போனதுக்கு அப்புறம் வந்து, அந்த அண்ணங்க பேரெல்லாம் அல்லாஹ்வுக்குத் தெரியும்ல டீச்சர், தெரிஞ்சும் சொல்லலையான்னு கேட்டான். ஆமாம்னேன். செருப்பை மாட்டிக்கிட்டு ஓடிட்டான்.